தேன், தேறல், ஏலக்காய்... சிலமலை மலைச்சரிவின் ருசி ரகசியங்கள் தெரியுமா?

தேனில் தண்ணீர் கலந்து, ஈஸ்ட்டை வேலை செய்ய விட்டு, மாதக்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்தால் கிடைப்பது தேன் மது. மேல்நாட்டில் அதற்கு 'மீட்' என்று பெயர். ஆப்பிள் போட்டது, மிளகாய் போட்டது, ஏலக்காய் போட்டது என வகைவகையாக வரிசை கட்டி வைத்துக்கொண்டு, நண்பர்கள் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு வாய் சுவைத்து, 'இதுதான் டாப்', 'அட போப்பா, அது சுமார்' என்று சண்டை பிடிப்பது அங்கெல்லாம் பெரிய பொழுதுபோக்கு!

போடிநாயக்கனூரை ஒட்டிய சிலமலை கிராமத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஏகப்பட்ட சம்பந்தம் உண்டு! அந்த மதுவுக்கு வேண்டிய தேனும் மசாலாவும் சேர்ந்தே விளைகிற மலைப்பக்கம் இது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதனால் நம்ம ஊர்ப் போட்டியைத் தேனிலேயே நடத்திக்கொள்வோம். அதிலேயே அசந்துபோக அவ்வளவு விஷயம் இருக்கிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

சங்க காலத்திலேயே தமிழ் மலைகளில் தேன் மது இருந்தது தெரியுமா?

திருமுருகாற்றுப்படையைப் புரட்டிப் பாருங்கள். மலைக்குறவர்கள் நீண்ட மூங்கில் குழாயில் ஊறி விளைந்த தேன் மதுவைச் சொந்தபந்தத்தோடு கூடிக் குடிக்கிறார்கள். தொண்டகப் பறை முழங்க, கைகோத்துக் குரவைக்கூத்து ஆடுகிறார்கள். தேக்கள் தேறல் என்று அதற்குப் பெயர். மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மலையேறி வரும் பாணர் கூட்டத்துக்கு முதலில் மூங்கிலில் விளைந்த தேன் தேறல், அதற்குப் பிறகு நறவு என்று இரண்டு வகை கிடைக்குமாம். விருந்தாளிக்கு அன்றைக்கே ரகம் ரகமாக ஊற்றியிருக்கிறார்கள்!

பங்கு வைப்பதிலும் நம் ஆட்கள் பெரிய மனசுக்காரர்கள். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (235) எதில் தொடங்குகிறது தெரியுமா? கள்ளில்தான்! கொஞ்சமாகக் கிடைத்தால் முழுதையும் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களோடு சேர்ந்து மகிழ்வான் என்று நினைத்து நினைத்து அழுகிறார். இன்னொரு பாட்டில் (392) நாள்பட்ட தேறலின் கடுப்புக்கு அவர் உவமையாகச் சொல்வது தேள்கடியை!

உலகின் மிகப் பழைய தேன் மதுவுக்கு வயது 9,000 என்பது தெரியுமா?

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஜியாஹு என்றொரு புதிய கற்கால ஊர். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் உறைந்திருந்த கசண்டை அமெரிக்க ஆய்வாளர் பேட்ரிக் மெக்கவர்ன் குழு சோதித்தது. 2004-ல் முடிவு வெளியானது. அரிசி, தேன், பழம் மூன்றையும் சேர்த்துப் புளிக்கவைத்த பானம்! காலம் ஏறக்குறைய கி.மு. 7000.

துருக்கியின் கோர்டியன் நகரில் 1957-ல் ஒரு அரச சமாதியைத் திறந்தார்கள். மைடாஸ் மேடு என்று அதைச் சொல்கிறார்கள். உள்ளே வெண்கல அண்டாக்களும் கிண்ணங்களும் குவிந்து கிடந்தன. இறுதிச் சடங்கு விருந்தின் மிச்சம் அவற்றின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. சோதித்தால், திராட்சை மது, பார்லி பீர், தேன் மது மூன்றும் ஒன்றாகக் கலந்த கலவை! கி.மு. 8-ஆம் நூற்றாண்டிலேயே ராஜ வீட்டில் மூன்றையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கியிருக்கிறார்கள்!

தேன் கெடாது, ஆனால் தண்ணீர் பட்டால் பொங்கிவிடும். ஏன் தெரியுமா?

தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை. தண்ணீர் 20 சதவீதத்துக்கும் குறைவு. இந்தக் கெட்டிச் சர்க்கரைக்குள் ஒரு கிருமி விழுந்தால், அதன் உடம்பில் இருக்கும் தண்ணீரையே தேன் உறிஞ்சிவிடும்! போதாததற்குத் தேனில் அமிலத்தன்மை வேறு. தேனீ சேர்க்கும் நொதி ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடையும் கொஞ்சம் உண்டாக்குகிறது. தேன் தனக்குத் தானே காவல்காரன்.

ஆனால் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியதோ, தேனில் தூங்கிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடும். சாரல் காலத்தில் தேனீக்கள் அடையை மெழுகால் மூடுவதற்கு முன்பே எடுத்த தேனை இறுக்கி மூடி வைத்துப் பாருங்கள். கொஞ்ச நாளில் மேலே நுரை கட்டும். மூடியைத் திருகினால் 'புஸ்ஸ்' என்று சத்தம் வரும்! மூங்கில் குழாயில் தேன் தேறலானதும் இதே கணக்குதான்.

இன்னொரு ஆச்சரியம்: இவ்வளவு சர்க்கரை இருந்தும் தேன் மதுவில் ஈஸ்ட் பட்டினி கிடக்கும்! சர்க்கரை மட்டும் போதாது, நைட்ரஜனும் வேண்டும். அது தேனில் சொற்பம். அதனால்தான் பழம் போட்ட தேன் மது சுறுசுறுப்பாகப் பொங்குகிறது. வெறும் தேனும் தண்ணீரும் மட்டும் என்றால் ஆடி அசைந்து மெதுவாக வருகிறது.

தேனீ இல்லாவிட்டால் ஏலக்காய்க் கடையே காலி என்பது தெரியுமா?

போடி என்றாலே ஏலக்காய். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடப்பது இரண்டே ஊர்களில்தான். ஒன்று கேரளத்தின் புற்றடி, இன்னொன்று நம்ம போடிநாயக்கனூர். கிடங்குகளில் சல்லடை போட்டுச் சலித்து, கையால் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். 8 மில்லிமீட்டர் பருமனுக்கு மேல் உருண்டு திரண்ட பச்சைக் காய்க்குத்தான் மவுசு!

அந்தக் காய் எப்படி வந்தது? செடியின் தூரிலிருந்து கிளம்பும் சரத்தில், மண்ணை ஒட்டிப் பூ பூக்கிறது. வெள்ளை இதழ், நடுவில் ஊதாக் கோடுகள். தேனீக்கு 'இந்த வழியாக உள்ளே வா' என்று காட்டும் பாதை அது! பூவின் ஆயுள் ஒரே நாள். விடிகாலையில் மலரும். அன்றைக்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்த்தால் காய். வராவிட்டால் பூ உதிர்ந்துவிடும். ஆக, உங்கள் டீக்கடை ஏலக்காய் டீயில் தேனீயின் உழைப்பு இருக்கிறது. ஒரு பூவுக்கு வந்துபோன அதே தேனீ, காயையும் கொடுத்துவிட்டுத் தேனையும் எடுத்துப் போகிறது!

ஒரே மலையில் நான்கு வகைத் தேனீ, நான்கு வகை ருசி! தெரியுமா?

மலைத்தேனீ: பெரிய உடம்பு. பாறை முகட்டிலும் நெடுமரங்களிலும் ஒற்றை அடையாக, ஒரு மீட்டர் அகலத்துக்குக்கூடக் கட்டும். குளவி பக்கத்தில் வந்தால் ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்கி, கூடு முழுக்க ஓர் அலை ஓடவிடும்! வந்த குளவி மிரண்டு பின்வாங்கும். நிலா வெளிச்சம் இருந்தால் ராத்திரியிலும் பறந்து தேன் எடுக்கக் கூடியது இந்தத் தேனீ.

அடுக்குத்தேனீ: மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை கட்டும். பெட்டி வைத்து வளர்ப்பது இதைத்தான். தென்னிந்தியாவில் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பியவர் நியூட்டன் என்ற பாதிரியார். 1911 முதல் 1917 வரை ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்தார். அவர் வடிவமைத்த பெட்டிக்கு இன்றும் நியூட்டன் பெட்டி என்றே பெயர்.

கொம்புத்தேனீ: செடி கொம்பில் உள்ளங்கை அளவு சின்ன அடை. தேன் கொஞ்சம்தான், கிராக்கி அதிகம்.

கொசுத்தேனீ: கொட்டவே கொட்டாது! சுவர்ப் பொந்தில், மரப்பொந்தில் மெழுகும் பிசினும் குழைத்துக் குட்டிக் குட்டிப் பானைகள் செய்து, அதில் தேனை ஊற்றி வைக்கும்.

மலைப்பாறைத் தேன் எடுப்பதில் பளியர் பழங்குடியினர் கெட்டிக்காரர்கள். கொடியில் தொங்கி, புகை போட்டு, தேனீக்களை விலக்கி அடையை அறுக்கும் வித்தை அவர்களுடையது. இதற்கென்று சங்க காலத்தில் இருந்த மூங்கில் ஏணிக்கு 'மால்பு' என்று பெயர்!

கொசுத்தேனின் புளிப்புக்குள் ஓர் அபூர்வச் சர்க்கரை இருப்பது தெரியுமா?

கொசுத்தேனை நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, உடனே ஒரு புளிப்பு, கடைசியில் பிசின் வாசனை. தண்ணீராக இருக்கும், கரண்டியில் நிற்காது. முதன்முறை சாப்பிடுகிறவர்கள் கலப்படமோ என்று சந்தேகப்படுவார்கள். கொட்டாத தேனீக்களின் தேனே அப்படித்தான்!

2020-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியா, மலேசியா, பிரேசில் நாடுகளின் கொட்டாத தேனீக்களின் தேனைச் சோதித்தார்கள். மற்ற உணவுகளில் அபூர்வமான 'ட்ரெஹலுலோஸ்' என்ற சர்க்கரை அதில் ஏராளமாக இருந்தது. ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் வகை அது. அதற்காகச் சர்க்கரை நோயாளிகள் கொசுத்தேனை ஆளுக்கொரு டம்ளர் அடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை!

மெக்சிகோவின் மாயா மக்கள் கொட்டாத தேனீயின் தேனில் ஒரு மரத்தின் பட்டையை ஊறவைத்து 'பால்சே' என்ற தேன் மது செய்தார்கள். சாமிக்குப் படைக்கிற பானம் அது.

காபிப் பூவின் தேன் தேனீயின் மூளையையே தட்டி எழுப்பும், தெரியுமா?

போடி மலையில் ஏலத்தோட்டம் மட்டுமா இருக்கிறது? காபித் தோட்டமும் உண்டு. கோடையில் நல்ல மழை ஒன்று விழுந்தால் போதும், சில நாட்களில் மலைச்சரிவு முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளைப் பூ! மல்லிகை வாசனை! இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும் அந்தத் திருவிழாவில் தேனீக்களுக்கு ஓய்வே கிடையாது.

காபிப் பூவின் தேனிலும் காஃபின் இருக்கிறது. 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வின்படி, மிகச் சிறிய அளவு காஃபின் கலந்த இனிப்பைக் குடித்த தேனீக்கள் அந்தப் பூவின் வாசனையை மற்றவற்றைவிட அதிக நேரம் நினைவில் வைத்திருந்தன. காபிச் செடி தன் வாடிக்கையாளரை எப்படிப் பிடித்துவைக்கிறது, பார்த்தீர்களா!

இங்கே இன்னொரு செய்தி. 2018-ல் புனேயில் மூன்ஷைன் மீடரி தொடங்கியது. இந்தியாவின் முதல் தேன் மது ஆலை அது. அவர்கள் போட்ட ரகங்களில் ஒன்று காபி! இன்னொன்று ஆப்பிள். மூன்றாவதைக் கேட்டால் நாக்கு ஊறும்: கொய்யாவும் மிளகாயும்! பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்த் தூள் தூவிய கொய்யாத் துண்டுக்காக நின்ற யாருக்கும் அந்தக் கூட்டணி புதிதில்லை.

பூவே இல்லாமல் வருகிற தேன் இருக்கிறது, தெரியுமா?

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேன் பெரும்பாலும் எதிலிருந்து வருகிறது? ரப்பர் மரத்திலிருந்து! அதுவும் ரப்பர்ப் பூவிலிருந்து வருவது இல்லை. இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும்போது, இலைக்காம்பின் நுனியில் இருக்கும் சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேனீக்கள் அதை உறிஞ்சித்தான் பெட்டி பெட்டியாகத் தேன் நிரப்புகின்றன.

போடிப் பக்கம் வேறொரு கதை. இலவம் பஞ்சு மரங்களின் பூ மலர்வது இரவில். முதல் விருந்தாளி வௌவால். விடிந்ததும் மிச்சத்தை எடுக்க வரிசையில் நிற்பது தேனீ!

தேனும் தண்ணீரும் எவ்வளவு? போலந்துக்காரர்கள் அதற்கே நான்கு பெயர் வைத்திருக்கிறார்கள், தெரியுமா?

ஒரு பங்கு தேனுக்கு அரைப் பங்கு தண்ணீர் என்றால் 'புவ்தோராக்'. ஒன்றுக்கு ஒன்று 'த்வுய்னியாக்'. ஒன்றுக்கு இரண்டு 'த்ருய்னியாக்'. ஒன்றுக்கு மூன்று 'ச்வூர்னியாக்'. தண்ணீர் குறையக் குறையத் தித்திப்பு ஏறும், வருடக்கணக்கில் ஊற வேண்டும், விலையும் ஏறும்! ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் இந்த நான்கு பெயர்களுக்கும் பாரம்பரியப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது.

எத்தியோப்பியாவின் தேன் மது 'தேஜ்'. 'கெஷோ' என்ற செடியின் இலையும் குச்சியும் போட்டுக் கசப்பேற்றுவார்கள். உருண்டை வயிறும் ஒடுங்கிய கழுத்துமான கண்ணாடிக் குடுவையில்தான் குடிப்பார்கள். பின்லாந்தில் மே தினத்துக்கு 'சிமா' போடுவார்கள். முன்பு தேனில், இப்போது பெரும்பாலும் சர்க்கரையில். புட்டியில் சில உலர்திராட்சைகளைப் போட்டு வைப்பார்கள். திராட்சை மேலே மிதந்தால் பானம் தயார்! அலாரமே தேவையில்லை.

ஏலக்காயின் வாசனை எங்கே ஒளிந்திருக்கிறது தெரியுமா?

மசாலா போட்ட தேன் மது மேல்நாட்டில் தனி ரகம். பட்டை, கிராம்பு, இஞ்சியோடு ஏலக்காயும் அதில் இடம் பிடிக்கும். ஏலக்காயின் உயிர் தோலில் இல்லை, கறுத்த விதையில். அதிலுள்ள எண்ணெயில் இரண்டு முக்கியச் சரக்கு: 'சினியோல்', 'டெர்பினைல் அசிடேட்'. முதலாவது யூகலிப்டஸ் தைலத்திலும் உண்டு. ஏலக்காயை மென்றதும் மூக்கு வழியாக ஒரு குளிர்ச்சி ஏறுகிறதே, அது இந்தச் சினியோலின் வேலை!

இந்த எண்ணெய் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால் தேன் மதுவில் இரண்டு காய் கூடிப்போனாலும் ஏலக்காய் மற்ற ருசிகளையெல்லாம் அமுக்கிவிட்டுத் தான் மட்டும் நிற்கும்.

தேனும் ஏலக்காயும் சேர்ந்து ஒரு சொட்டு மது இல்லாமல் ஜெயித்த இடம் பழனி! வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு. தண்ணீர் சேர்ப்பதே கிடையாது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நூற்றுக்கு 48 மார்க் நாக்குக்கு மட்டும்! தேன் மது நடுவர்கள் எப்படி மதிப்பெண் போடுகிறார்கள் தெரியுமா?

சர்வதேச அளவில் பயன்படும் நடுவர் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். வாசனைக்கு 10, தோற்றத்துக்கு 6, ருசிக்கு 24, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. அதே தாளைத் தேனுக்கு வைத்துப் பார்த்தால் என்ன?

சிலமலையில் ஒரு நண்பரின் மாந்தோப்பில் அப்படி ஒரு ஜமா கூடினோம். வாழை இலைத் துண்டில் பெயர் எழுதாத கிண்ணங்கள். மலைத்தேன், அடுக்குத்தேன், கொசுத்தேன், மார்த்தாண்டத்து ரப்பர்த் தேன். அதற்குப் பிறகு ஊறல் ரகங்கள், அதாவது தேன் நெல்லி, இஞ்சித் தேன், ஏலக்காய் இடித்துப் போட்ட தேன். வெளுத்த நிறத்தில் ஆரம்பித்துக் கறுத்ததில் முடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மடக்கு என்பது விதி. சென்ட் அடித்து வந்தவரைத் தூர உட்காரவைத்தாயிற்று!

மலைத்தேனைத் தொட்டவர், "மாப்ள, இதுல புகை வாசம் அடிக்குதுடா" என்றார். சரிதான், புகை போட்டுத்தானே எடுத்தது! கொசுத்தேன் வந்ததும் ஒருவர் முகத்தைச் சுளித்தார். அவருடைய அப்பா அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "உனக்கு வேணாம்னா விடுப்பா, இது எனக்கு" என்றார். ஏலக்காய்த் தேனுக்கு முதலிடம் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் தோட்டத்து ஏலக்காயை வருடம் பூராவும் முகர்கிற ஆட்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை! ஜெயித்தது இஞ்சித் தேன்.

தேனைப் பற்றிய இந்தக் கட்டுக்கதைகளை இன்னும் நம்புகிறீர்களா?

உறைந்த தேன் கலப்படம் என்பார்கள். தவறு! குளுக்கோஸ் அதிகமுள்ள நல்ல தேனும் குளிரில் உறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் புட்டியை வைத்தால் இளகிவிடும். தண்ணீரில் விட்டால் கரையாமல் கீழே இறங்கினால் அசல் என்பார்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் அதே வித்தையைச் செய்யும்! எறும்பு மொய்க்காது, தீக்குச்சி எரியும் என்பதெல்லாம் நம்பத்தக்க சோதனைகள் அல்ல. சந்தேகம் என்றால் ஆய்வகம்தான்.

ஒரே ஓர் எச்சரிக்கையை மட்டும் மறக்காதீர்கள்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கவே கூடாது. 'பாட்டுலிசம்' என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது; பச்சைக் குழந்தையின் குடலுக்குத் தாங்காது.

12 வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் தேன் எது தெரியுமா?

பூ மாறினால் தேன் மாறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. நீலக்குறிஞ்சி! குறிஞ்சிப் பூவிலிருந்து தேனீக்கள் பெருந்தேன் சேர்க்கும் மலைநாட்டுக்காரன் அவன் என்று காதலனை அடையாளம் சொல்லும் பாட்டு குறுந்தொகையின் மூன்றாவது பாட்டு.

2006-ல் பூத்தது. 2018-ல் பூத்தது. போடி வட்டத்தின் கொழுக்குமலை அப்போது நீலமாகிப் போனது! பூத்துக் காய்த்ததும் செடி செத்துவிடும். விதை முளைத்து அடுத்த தலைமுறை பூக்க மறுபடி 12 ஆண்டு. அடுத்தது 2030. அந்தச் சமயத்தில் ஒரு புட்டி மலைத்தேன் வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய வருடத்துத் தேனையும் பக்கத்தில் வைத்து, நாலு நண்பர்களைக் கூப்பிட்டு ருசி பார்த்துவிட வேண்டியதுதான். நடுவர் தாளை இப்போதே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்!